பதினான்காம் அறை மறுத்தது

பாலோ சேகோ, டெக்சாஸ்
ஆகஸ்ட் 9, செவ்வாய்

மகா கனம் பொருந்திய என் மருமகன் லாசரோவின் சமூகத்துக்கு, உன் தாயோடு ஒரே வயிற்றில் பிறந்தவனும், பாலோ சேகோ கவுண்டி சிறார் காப்பகத்தின் நாற்பத்தேழு இரும்புக் கதவுகளுக்கும் தனிப்பெரும் சக்கரவர்த்தியுமான மாமன் எவுசேபியோ கின்டனார் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் முழங்கால், என் பழைய பிக்கப் வண்டி ஆகிய மூவரும் நலம். முழங்கால் மட்டும் சில நாட்களாக எதிர்க்கட்சியில் சேர்ந்திருக்கிறது.

இந்த உறையைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி யாராயிருந்தாலும் அவருக்கும் என் வணக்கம். ஐயா, அல்லது அம்மா, நானும் ஆறு வருஷம் பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன்தான். மிரட்டல், ஆபாசம், தப்பிக்கும் திட்டம் எதுவும் இதில் கிடையாது. கொஞ்சம் பொய் இருக்கும். அது எங்கள் குடும்பச் சொத்து, பறிமுதல் செய்ய வேண்டாம்.

உன்னை முந்நூறு மைல் வடக்கே வேறு காப்பகத்துக்கு ஏற்றிப் போன பிறகு இங்கே வெயில் இன்னும் ஏறிவிட்டது. போன ஞாயிறு பூசையில் ஃபாதர் ஒக்தாவியோ நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பாதியில் இரண்டு பேர் கையைத் தூக்கி, அங்கே போக விண்ணப்பம் எங்கே கிடைக்கும், அங்கே மாலையிலாவது கொஞ்சம் காற்று வருமா என்று கேட்டார்கள். ஃபாதரும் மேலங்கியால் விசிறிக்கொண்டே, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நம்முடைய அரண்மனைச் செய்தி கேள். நீ இருந்த பிரிவை இழுத்து மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஏசி செத்து இரண்டு மாதம் ஆகிறது, அஞ்சலிக் கூட்டம் ஒன்றுதான் பாக்கி. பழுது பார்க்க வந்தவர் கூரைமேல் ஏறி இறங்கி, இதற்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் அருங்காட்சியகத்தில் கேளுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். கழிப்பறைகள் அடைத்துக்கொண்டு பொங்கியதில் எங்கள் மேற்பார்வையாளர் டெல்பர்ட் கிரிம்ஸ் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நோவாவைப் போல் நிற்கிறார். ஜோடி ஜோடியாக மிருகங்கள் வரவேண்டியதுதான் மிச்சம். ஆட்கள்தான் வருவதில்லை. ஜூலையில் ஒரே வாரத்தில் மூன்று காப்பாளர்கள் போனார்கள், உனக்கே தெரியும். ஒருவன் எண்ணெய்க் கிணற்றுக்குப் போனான். ஒருத்தி கார் கழுவும் கடைக்குப் போனாள். மணிக்கு இரண்டு டாலர் கூடவாம், "அங்க காருங்க எம்மேல எச்சி துப்பாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாமவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனவன், இன்னும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்.

காப்பாளர் பெர்கின்ஸ் அம்மாவின் கையில் போட்ட ஏழு தையலையும் பிரித்தாகிவிட்டது. உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அந்தப் பய என்னையா குத்துனான்? கதவுக் கண்ணாடிய உதைச்சான். அந்த நேரம் பாத்து நான் கைய நீட்டுனேன். என் கைக்கு என்னைக்குமே புத்தி கெடையாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அரசு வக்கீல் அப்படிச் சொல்லவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியை எடுத்துப் போய்ப் பாசனக் கால்வாயில் குளிப்பாட்டியதற்கு உன்னை வீட்டுக்கே அனுப்பியிருப்பார்கள். காப்பாளரின் கையில் ரத்தம் வந்ததும் பேச்சு மாறிவிட்டது. செப்டம்பர் முதல் தேதி விசாரணை. பத்தொன்பது வயதுவரை உன்னை மாநிலச் சிறார் சிறையில் வைக்க வேண்டும் என்று கேட்கப் போகிறார்களாம். நாலு வருஷம். இதை உன் அம்மா தொலைபேசியில் என்னிடம் சொன்னபோது நான் வானொலியின் சத்தத்தைக் குறைக்கக்கூட மறந்து நின்றேன்.

அந்த ஜூலை விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. அது வக்கீல்களின் வேலை. நீ நன்றாகச் சாப்பிடு. அங்கே பீன்ஸ் எப்படி? இங்கே போல அதுவும் இருபது வருஷத் தண்டனை அனுபவித்த பீன்ஸா?

சகல ஆசிகளுடன்,
நாற்பத்தேழு கதவுகளின் அதிபதி,
உன் மாமன் எவுசேபியோ


பாலோ சேகோ
ஆகஸ்ட் 17, புதன்

வீராதி வீரன் லாசரோவுக்கு, மாமன் வாழ்த்தி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்தால் நில நடுக்கத்தின்போது கோழி நடந்த மாதிரி இருக்கிறது. நம் வம்சத்தின் பெருமை அது, விட்டுவிடாதே. அங்கே தினமும் ஒரு மணி நேரம் வெளியே விடுகிறார்கள், கூடைப்பந்து வளையத்தில் வலைகூட இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வலை! எங்கள் கவுண்டியில் வளையமே வதந்திதான்.

அப்புறம் ஒன்று கேட்டிருந்தாய். உன் வக்கீல் அம்மா ரோசலின் பீல், ஜூலை மாதப் பதிவுத் தாள்களைக் கொண்டுவந்து காட்டினாராம். நீ இருந்த பதினான்காம் அறைக்கு நேரே, பதினொன்றாம் தேதியிலிருந்து இருபத்தொன்றுவரை, முற்றத்துக்கு அழைத்தபோது மறுத்தான், குளிக்க அழைத்தபோது மறுத்தான், வகுப்புக்கு மறுத்தான் என்று இருந்ததாம். நீ எழுதியிருந்ததை இப்போதுதான் நாலாவது தடவையாகப் படித்தேன்: "மாமா, நான் நெசமாவே வேண்டாம்னு சொன்னேனா? யாரும் வந்து கேட்ட மாதிரியே ஞாபகம் இல்ல. ஆனா பதினோரு நாளும் சொன்னேன்னு போட்டிருக்கு. எனக்குத்தான் மூளை கலங்கிப் போச்சா?"

மருமகனே, தாள்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. அதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். அந்த வெயிலில் யாருக்குத்தான் என்ன ஞாபகம் இருக்கும்? அந்த வாரம் கட்டுப்பாட்டு அறையில் என் பெயரே எனக்கு மறந்துபோய், சட்டைப் பையில் இருந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ இதைப் பற்றி யோசித்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை உன் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சோள மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்து அவித்த தமாலே செய்திருந்தாள். அந்தத் தாளின் நகல் அவளிடமும் இருக்கிறது, குளிர்பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள். "டேய் செபியோ, எம்புள்ள வெளிய வர மாட்டேன்னு சொல்றவனாடா? உக்காருன்னு சொன்னா கூரைமேல நிப்பான் அவன். பதினோரு நாள் குளிக்காம, வெயில் படாம, சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்னா அவனுக்கு என்னவோ ஆயிருச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன். நீ அங்கதானடா இருந்த, என்னன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

பசங்க அந்த வயசுல அப்படித்தான் அக்கா என்று சொன்னேன். மூன்று தமாலே சாப்பிட்டேன். நான்காவதை எடுக்க முடியவில்லை. உனக்கே தெரியும், உன் மாமன் நான்காவது தமாலேயை விட்டுவைத்த நாள் இந்தக் கவுண்டியின் சரித்திரத்திலேயே கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தத் தடவை கொஞ்சம் அவசரம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அன்புடன்,
மாமன்


பாலோ சேகோ
ஆகஸ்ட் 27, சனி

லாசரோ,

இந்தத் தடவை பட்டம் எதுவும் போடவில்லை.

உன் இரண்டாவது கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஏழே வரி. வக்கீல் அம்மா மறுபடி வந்து கேட்டபோது, "ஆமா, நான்தான் வர மாட்டேன்னு சொன்னேன், பதினோரு நாளும் நான்தான் மறுத்தேன்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். தாளின் ஓரத்தில் சுருக்கொப்பமாக இருந்த இரண்டெழுத்து என்னுடையது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்கு ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம்தான் இருக்குன்னு அம்மா சொன்னாங்க. பென்ஷன் போயிரக் கூடாது மாமா. எனக்கு நாலு வருஷம் பெரிசில்ல, வெளிய வரும்போது எனக்குப் பத்தொம்போதுதான் ஆகும்" என்று முடித்திருந்தாய்.

அதைச் சமையலறையில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். காபி பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது.

நீ மறுக்கவில்லை. உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னை யாரும் கேட்கவே இல்லை. பதினோரு நாளில் ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட.

நடந்தது இதுதான். பகலில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு காப்பாளர் வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்த மூன்று பேர் போனபின், இருபத்துமூன்று பிள்ளைகளுக்குத் தளத்தில் பெர்கின்ஸ் அம்மா ஒருத்தர்தான். அதனால் எல்லாக் கதவுகளும் பூட்டியே இருந்தன. சாப்பாடு துவாரம் வழியாக வந்தது. கதவு திறக்காத நாளில் தாளில் "ஆள் இல்லை" என்று காரணம் எழுத வேண்டும். மாநில ஆய்வாளர் வரும்போது அதைத்தான் எண்ணுவார். அது கூடிப் போனால் கட்டடத்தை மூடுவார்கள், நம் எல்லோருக்கும் வேலை போகும். அதனால் இங்கே ரொம்ப காலமாக ஒரு பழக்கம். யாரும் சொல்லித் தருவதில்லை, புதிதாகச் சேருகிறவன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வான். "ஆள் இல்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் "மறுத்தான்" என்று எழுதுவோம். பிள்ளை மறுத்தால் யார் மேலும் குற்றம் இல்லை அல்லவா.

அதில் நான் பெரிய வித்துவான். காலையில் காபி குடித்துக்கொண்டே அன்றைய நாள் முழுவதையும் எழுதி முடித்துவிடுவேன். எல்லாவற்றுக்கும் இரண்டு மணி என்று போடுகிறவன் மாட்டிக்கொள்வான். நான் 2:07, 2:11, 2:16 என்று போடுவேன். நடுவில் பேனாவை மாற்றுவேன். நடந்துகொண்டே எழுதியது போல் சில இடத்தில் எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்குவேன். புதுப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டி, பாருங்கடா கலையை என்று பெருமை அடித்திருக்கிறேன். நான் சொன்ன பொய்களில் குதிரை பறக்கும், மீன் பாடும், யாரும் நம்பியதில்லை, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இது ஒரே ஒரு சொல். நீதிபதி வரைக்கும் நம்பிவிட்டார்கள். கடைசியில் நீயே நம்பிவிட்டாய்.

உன்னைக் கொண்டுவந்த அன்றே கிரிம்ஸிடம் போய், பதினான்கில் இருப்பது என் அக்கா மகன், நான் இங்கே இருக்கக் கூடாது என்று சொன்னேன். சொன்னேன் என்பதை ஒரு புண்ணியமாக எழுதவில்லை. "செபியோ, அவன் உன் அக்கா மகனோ ஆளுநர் மகனோ, எனக்குப் பட்டன் அமுக்க ஒரு விரல் வேணும்யா. உன் விரல விட்டா எனக்கு என் விரல்தான் இருக்கு. கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக் கூண்டுக்குள்ளயே உக்காந்துக்க, அவன்கிட்டப் பேசாத" என்றார். நானும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டேன். உனக்கு மட்டும் ஏதாவது செய்தால் சொந்தம் என்று பேசுவார்கள் என எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எல்லாருக்கும் ஏதாவது செய்யலாமே என்று தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தாளில் இல்லாதது, வக்கீல் அம்மாவுக்கும் தெரியாமல் இருந்தது. உன் அறையில் ஒரு பொத்தான் உண்டு அல்லவா, அழுத்தினால் கூண்டில் சிவப்பு விளக்கு எரியும், கூடவே மணி அடிக்கும். இருபத்துமூன்று மணியும் சேர்ந்து அடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்று மூன்றாம் நாளே மணியை அணைத்துவிட்டேன். விளக்கை அணைக்க முடியாது. உன் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, லாசரோ. நான் பார்த்தேன். கடைசி நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும், கேமராவில் உன் கதவுக் கண்ணாடியில் உன் உள்ளங்கை ஒட்டியிருந்தது. விரல்களை விரித்து வைத்திருந்தாய். யாரையும் கூப்பிடுகிற மாதிரி இல்லை, சும்மா வைத்திருந்தாய். அந்த நேரத்துக்கான வரியைக் காலையிலேயே எழுதிவிட்டேன், 3:04, மறுத்தான் என்று. பெர்கின்ஸ் அம்மாவைக் கூப்பிட்டு, பதினான்கைப் போய் ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லத்தான் வாக்கி டாக்கியை எடுத்தேன். அதற்குள் வாசலில் மருந்துக்காரர் வந்து நின்றார், அவருக்குக் கதவைத் திறக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது நீ உதைக்க ஆரம்பித்திருந்தாய், பெர்கின்ஸ் அம்மா ஓடிக்கொண்டிருந்தார்.

நேற்று ரோசலின் பீல் அம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், நடுவில் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோரு நாளுக்கு முப்பத்துமூன்று இடத்தில் கையெழுத்து போட்டேன், ஒவ்வொன்றும் பொய் என்று. அப்புறம் அவர், "இந்தப் பையனோடது மட்டும்தானா?" என்று கேட்டார். இல்லை, இருபத்துமூன்று பிள்ளைகளுடையதும் என்றேன். அதற்கு முந்திய மாதங்களும் என்றேன். அப்போதுதான் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதச் சொன்னா உங்க மேலயே வழக்கு வரும், தெரியுமில்ல? நாளைக்கு யோசிச்சுட்டு வரேன்னு போனாலும் நான் தடுக்க மாட்டேன்" என்றார். நாளைக்கு யோசித்தால் நான் என்ன யோசிப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் அங்கேயே சத்தியம் செய்து முடித்துவிட்டேன். மாலைக்குள் அது நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. உனக்கு எழுதலாமா என்று கேட்டேன், இனி மறைக்க எதுவும் இல்லை, எழுதுங்கள் என்றார். ஆகவே இதைப் பிரித்துப் படிக்கிற அதிகாரி நகல் எடுத்துக்கொள்வதானால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

கிரிம்ஸ் என்னிடமிருந்து சாவியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "பதினாலு மாசம்யா. பதினாலே மாசம். நானும்தான் அந்தத் தாளப் பாத்துக் கையெழுத்து போட்டேன், இப்ப எனக்கும் சேத்து வேட்டு வெச்சுட்ட" என்று சொல்லிவிட்டு, அந்த ரப்பர் பூட்ஸோடு என்னை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

உன் அம்மாவிடம் இன்று காலை சொன்னேன். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் போனேன். அடிக்கவில்லை. குளிர்பெட்டி மேல் இருந்த அந்தத் தாளை எடுத்து, "அப்ப எம்புள்ள நல்லாத்தான் இருந்திருக்கான்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் கதவைத் திறந்து, "நீ இப்பப் போடா, செபியோ" என்றாள். நான் கிளம்பினேன். எப்போது திரும்ப வரலாம் என்று கேட்கவில்லை.

இனி உன் காரியம். நீ எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வக்கீல் அம்மா திங்கட்கிழமை வருவார், அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல். என் பென்ஷனை உன் தலையில் சுமக்காதே. அது போகிற வழியில் போகட்டும். வியாழக்கிழமை விசாரணையில் நான் சாட்சி சொல்வேன். நீதிபதி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. உடைந்தது கண்ணாடிதான், வெட்டுப்பட்டது கைதான், அது மாறாது என்று வக்கீல் அம்மா சொன்னார். ஆனால் பதினோரு நாள் அடைபட்டிருந்த பிள்ளை செய்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நம்பினால் உன்னை அம்மாவோடு அனுப்பலாம். நம்பாமலும் போகலாம். பொய்யனுடைய வாயிலிருந்து வருவதால் நம்ப மாட்டார்களோ என்றுதான் எனக்குப் பயம். அன்றைக்கு நீ என் பக்கம் பார்க்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும் அங்கே முற்றத்துக்குக் கூப்பிட்டால் போ. வெயிலடித்தாலும் போ, மழை தூறினாலும் போ, விளையாடத் தோன்றாவிட்டாலும் வெளியே போய் நில்.

இன்னொரு தாளும் உன்னிடம் வரும். உன்னைப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். உனக்குச் சம்மதமா என்று அவர்கள் உன்னிடம் நேரில் கேட்பார்கள். சம்மதம் என்று ஒரு கட்டம் இருக்கும், மறுக்கிறேன் என்று ஒரு கட்டம் இருக்கும். எதில் கோடு போட்டாலும் நான் ஏற்றுக்கொள்வேன். உனக்குத் தோன்றியதைப் போடு, ராசா. உன் கையால் போடு.

மாதா உன்னோடு இருக்கட்டும்.

எவுசேபியோ